ஆற்றல் நிலையம் என்னும் அரை உண்மை

பள்ளி உயிரியல் தேர்வில் தப்பாமல் தலைகாட்டும் ஒரு மதிப்பெண் கேள்வி உண்டு: செல்லின் ஆற்றல் நிலையம் எது? மைட்டோகாண்ட்ரியா. படித்த பாடமெல்லாம் மறந்துபோனவர்களுக்கும் இந்த விடை மட்டும் மறப்பதில்லை. 1957இல் பிலிப் சீக்கெவிட்ஸ் என்ற உயிர்வேதியியலாளர் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரைக்கு இதையே தலைப்பாக வைத்தார். அன்று முதல் பாடநூல், வழிகாட்டி நூல், மருத்துவ விளம்பரம் என எல்லா இடத்திலும் அதே வாசகம்தான்.

அந்த விடை பொய்யல்ல. நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் பெரும்பங்கை ஏடிபி என்னும் மூலக்கூறாக மாற்றித் தருவது மைட்டோகாண்ட்ரியாதான். பிழை அடுத்த அடியில் நுழைகிறது. ஆற்றல் தருவதற்காகத்தான் அது செல்லுக்குள் இருக்கிறது, அந்த வேலை நின்றால் அதற்கு அங்கே இடமில்லை என்று ஒரு முடிவை நாமே சேர்த்துக்கொள்கிறோம். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மாணவர் முதல் மருத்துவர் வரை பலரும் இப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நான் மறுப்பது இந்த முடிவை. ரொட்டி மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட்டின் பன்னிரண்டாம் குரோமோசோமில் எச்எஸ்பி60 என்று ஒரு மரபணு இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மற்றப் புரதங்கள் சரியாக மடிவதற்குத் துணைநிற்கும் புரதத்தை அது உருவாக்குகிறது. இந்த வழக்கில் என் முதன்மைச் சாட்சி அதுவே.

சாட்சியைக் கூப்பிடுமுன் ஒரு பழைய சோதனையைச் சொல்லியாக வேண்டும். 1940களின் இறுதியில் பாரிஸில் போரிஸ் எஃப்ருஸி ஈஸ்ட்டை அக்ரிஃப்ளேவின் என்ற சாயத்தில் வளர்த்தார். தட்டில் முளைத்த கூட்டங்கள் ஏறக்குறைய எல்லாமே வழக்கத்தைவிடச் சிறியவை. அந்தச் செல்களால் சுவாசிக்க முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக உள்ள டிஎன்ஏ அவற்றில் சிதைந்துபோயிருந்தது என்பது பின்னாளில் தெரிந்தது. அந்த டிஎன்ஏ துளியும் இல்லாத வகைகளும் உண்டு. கிளிசராலையோ ஆல்கஹாலையோ மட்டும் உணவாகக் கொடுத்தால் அவை வளராது. குளுக்கோஸ் கொடுத்தால் அதை நொதிக்கவைத்து, கிடைக்கும் சொற்ப ஆற்றலில் தலைமுறை தலைமுறையாகப் பெருகும்.

ஆற்றல்தான் எல்லாம் என்றால், இந்தச் சிறு ஈஸ்ட் தன் மைட்டோகாண்ட்ரியாவை எப்போதோ உதறியிருக்க வேண்டும். உதறவில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஏறத்தாழ ஆயிரம் வகைப் புரதங்களில் அதன் சொந்த டிஎன்ஏ தருவது முக்கியமாக எட்டு மட்டுமே. மற்றவற்றின் மரபணுக்கள் உட்கருவில் இருக்கின்றன. அந்தப் புரதங்கள் வெளியே உருவாகி, இரு சவ்வுகளைக் கடந்து உள்ளே போக வேண்டும். சுவாசம் செத்துப்போன ஈஸ்ட்டிலும் இந்த இறக்குமதி நிற்பதில்லை.

இறக்குமதிக்கு உட்சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு வேண்டும். சாதாரணச் செல்லில் அதை உண்டாக்குவது சுவாசம். சுவாசம் இல்லாத செல் என்ன செய்கிறது? நொதித்தலில் வெளியே உருவான ஏடிபியை உள்ளே வாங்குகிறது. ஏடிபி தயாரிக்கும் இயந்திரத்தின் எஞ்சிய பகுதி, தன் வேலையைத் தலைகீழாக்கி, அந்த ஏடிபியை உடைக்கிறது. உடைத்ததில் கிடைக்கும், ஏடிபியைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த மூலக்கூறு வெளியே போகிறது. உள்ளே வருவதில் ஓர் எதிர்மின்னூட்டம் கூடுதல். இந்தக் கொடுக்கல் வாங்கலால் உட்புறம் எதிர்மின் தன்மை பெறுகிறது; இறக்குமதி ஓடுகிறது. ஆக, இந்த மைட்டோகாண்ட்ரியா ஆற்றலைத் தருவதில்லை, தின்கிறது. ஊரிலிருந்து மின்சாரம் வாங்கி ஓடும் மின்நிலையத்தை எந்த ஊராவது செலவு செய்து காப்பாற்றுமா? ஈஸ்ட் காப்பாற்றுகிறது. ஏன் என்ற கேள்விக்கு, வழக்கமான வாசகத்தில் விடையில்லை.

இனி எச்எஸ்பி60. 1980களில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹார்விச் ஆராய்ந்துகொண்டிருந்தது ஒரு மனித நொதியை: ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமிலேஸ். கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் அமோனியாவை யூரியாவாக்கும் பாதையில் அது ஒரு படி. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால், அது பழுதான ஆண் குழந்தைகள் பிறந்த சில நாளிலேயே இரத்தத்தில் அமோனியா ஏறி உயிருக்குப் போராடும். ஹார்விச் குழு இந்த மனித மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்தது. நொதி ஈஸ்ட்டின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் மூன்று மூன்றாகச் சேர்ந்து வேலையும் செய்தது. பிறகு, வெப்பத்தைக் கூட்டினால் இந்த நொதி செயலிழந்துபோகும் ஈஸ்ட் பிறழ்வுகளைத் தேடினார்கள். புரதம் உள்ளே நுழைய உதவும் வாயில்களின் மரபணுக்கள் சிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

சிக்கியதில் ஒன்று விசித்திரமானது. நொதி வாயிலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. முகவரிச் சீட்டுபோல் அதன் முனையில் இருந்த துண்டும் ஒழுங்காக வெட்டப்பட்டிருந்தது. ஆனால் வேலை செய்யவில்லை. வந்த புரதச் சங்கிலி தன் வடிவத்துக்கு மடியவே இல்லை. மியூனிக்கில் வால்டர் நியூபெர்ட்டும் உல்ரிச் ஹார்ட்லும் சேர்ந்து ஆராய்ந்தபோது, ஈஸ்ட்டின் சொந்தப் புரதங்களுக்கும் அதே கதிதான் என்று தெரிந்தது. 1989இல் ‘நேச்சர்’ இதழில் முடிவு வெளியானது. பழுதான மரபணு எச்எஸ்பி60. அதே ஆண்டில் ரிச்சர்ட் ஹால்பெர்க் சார்ந்த குழு அந்த மரபணுவின் வரிசையைத் தனியாக வெளியிட்டது. 572 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம்; எஷரிக்கியா கோலை பாக்டீரியாவின் குரோஈஎல் புரதத்துக்கு நெருங்கிய உறவு. மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் பாக்டீரியாவாக இருந்தது என்பதன் அழியாத தடம் இது.

ஏழு ஏழு அலகுகள் கொண்ட வளையங்களாக அமைந்த கூண்டு இந்தப் புரதம். மடியாத சங்கிலி கூண்டுக்குள் போகும். எச்எஸ்பி10 என்னும் சின்னப் புரதம் மூடியாக வந்து உட்காரும். வெளியே நெருக்கியடிக்கும் மற்றப் புரதங்களோடு ஒட்டிக் கட்டிதட்டிப்போகாமல், உள்ளே தனிமையில் சங்கிலி மடியும். என்ன வடிவம் என்பதைக் கூண்டு கற்றுத் தருவதில்லை. அந்தத் தகவல் சங்கிலியின் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. கூண்டு தருவது பாதுகாப்பான இடம். அதற்கு ஏடிபி செலவாகிறது. 1990இல் வந்த இன்னொரு முடிவு இதைவிட வியப்பானது: எச்எஸ்பி60 தானே கூண்டாகச் சேர்வதற்கும் ஏற்கெனவே வேலைசெய்யும் எச்எஸ்பி60 கூண்டு வேண்டும். தாய்ச் செல்லிடமிருந்து கூண்டு வராத மகள் செல்லுக்கு, மரபணு நல்லபடி இருந்தும் பயனில்லை. ஹார்விச்சுக்கும் ஹார்ட்லுக்கும் 2011இல் லாஸ்கர் விருது கிடைத்தது.

இந்த வரலாற்றில் பலரும் கண்டுகொள்ளாமல் கடக்கும் செய்தி ஒன்றுதான் என் வாதத்தின் அச்சாணி. அந்தப் பிறழ்வு ஈஸ்ட்டைச் சூடான வெப்பநிலைக்கு மாற்றினால், தட்டில் குளுக்கோஸ் இருந்தாலும் அது வளர்வதில்லை. மரபணுவை முழுதாக நீக்கிவிட்டால் செல் பிழைப்பதே இல்லை. சுவாசத்தை மொத்தமாக இழந்த ஈஸ்ட் குளுக்கோஸில் பிழைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் மடிக்கும் ஒரே ஒரு கூண்டை இழந்த ஈஸ்ட் அதே குளுக்கோஸில் சாகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைட்டோகாண்ட்ரியாவின் பணி ஆற்றல் மட்டுமே என்றால், கூண்டை இழந்த செல் இன்னொரு சிறு கூட்டமாக முளைத்திருக்க வேண்டும். முளைக்கவில்லை. எனவே சுவாசத்தோடு தொடர்பில்லாத, இல்லாவிட்டால் உயிரே போகிற வேறொரு வேலை உள்ளே நடக்கிறது.

இங்கே ஒரு கூர்மையான எதிர்வாதம் எழும். கூண்டு இல்லாததால் மடியாத புரதங்கள் குவிந்து, அந்தக் குப்பையின் நஞ்சால் செல் செத்திருக்கலாம். அதை வைத்து உள்ளே இன்றியமையாத வேலை உண்டு என்று எப்படிச் சொல்வீர்கள்? நியாயமான கேள்வி. எச்எஸ்பி60 மட்டுமே சாட்சியாக இருந்தால் வழக்கு இங்கே தடுமாறும். ஆனால் புரதம் மடிப்பதோடு தொடர்பே இல்லாத, ஒற்றை வேதிவினையைச் செய்யும் நொதிகளும் மைட்டோகாண்ட்ரியாவில் உண்டு. அவற்றில் என்எஃப்எஸ்1, யாஹ்1 போன்றவற்றின் மரபணுவை நீக்கினாலும் ஈஸ்ட் சாகிறது. குவிவதற்கு அங்கே குப்பை இல்லை. வினை மட்டும் நின்றுபோகிறது. அந்த வினை எது?

இரும்பு-கந்தகக் கொத்து கட்டுவது. சில இரும்பு அணுக்களும் சில கந்தக அணுக்களும் சேர்ந்த சின்னஞ்சிறு கட்டமைப்பு அது. சிஸ்டைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து என்எஃப்எஸ்1 கந்தகத்தைப் பிரித்தெடுக்கிறது. யாஹ்1 எலக்ட்ரான் தருகிறது. ஒரு சாரப் புரதத்தின் மேல் கொத்து உருவாகிறது. ஜாக்1 என்னும் துணைப் புரதம் அதைக் கைமாற்றிவிட உதவுகிறது. ஜாக்1 இல்லாவிட்டாலும் ஈஸ்ட் இல்லை. இந்தக் கொத்துகள் சுவாசச் சங்கிலிக்கும் தேவைதான். ஆனால் உயிர் போவது அதனால் அல்ல. ஜெர்மனியின் மார்பர்க்கில் ரோலண்ட் லில் குழு 1999இல் காட்டியது இது: மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, செல்லின் மற்றப் பகுதிகளில் உள்ள இரும்பு-கந்தகப் புரதங்களும் மைட்டோகாண்ட்ரியா நடத்தும் இந்தப் பணியையே நம்பியிருக்கின்றன.

அப்படி நம்பியிருப்பவை சாதாரணப் புரதங்கள் அல்ல. ரைபோசோமின் பகுதிகள் உட்கருவிலிருந்து வெளியேறவும், வேலை முடித்த ரைபோசோம் பிரியவும் ஆர்எல்ஐ1 என்ற புரதம் வேண்டும். அதில் இரும்பு-கந்தகக் கொத்து இருக்கிறது. டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதிகளிலும், டிஎன்ஏவின் பழுதை நீக்கும் நொதிகள் சிலவற்றிலும் இருக்கிறது. கொத்து இல்லையென்றால் ரைபோசோம் தடுமாறும், புரத உற்பத்தி நிற்கும், டிஎன்ஏ இரட்டிக்காது. உட்கருவே மைட்டோகாண்ட்ரியாவின் கையை எதிர்பார்த்து நிற்கிறது. சுவாசம் அற்ற ஈஸ்ட், தன் அற்ப ஆற்றலைச் செலவழித்து மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பாற்றுவது ஏன் என்ற கேள்விக்கு விடை இதுதான்.

அடுத்த எதிர்வாதம் ஈஸ்ட்டைக் குறிவைக்கும். ஈஸ்ட் நொதித்து வாழப் பழகிய உயிர்; அதன் கதையை மனிதர் மேல் ஏற்றலாமா? மனிதச் செல்லிலேயே பார்ப்போம். 1989இல், எச்எஸ்பி60 கட்டுரை வந்த அதே ஆண்டில், மைக்கேல் கிங்கும் ஜுசெப்பே அத்தார்டியும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ இல்லாத மனிதச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். சுவாசம் இல்லை, ஆனாலும் அவை பெருகின. இரண்டு பொருள்களைக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது: யூரிடின், பைருவேட். யூரிடின் ஏடிபிக்கு மாற்று அல்ல. ஆர்என்ஏவுக்கும் டிஎன்ஏவுக்கும் வேண்டிய மூலப்பொருளைத் தயாரிக்கும் பாதையில் ஒரு நொதி சுவாசச் சங்கிலியைச் சார்ந்திருக்கிறது. அந்தக் குறையைத்தான் யூரிடின் நிரப்புகிறது. 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இன்னொரு படி போயின. பெருகும் செல்லுக்குச் சுவாசம் தரும் முக்கிய உதவி அஸ்பார்டேட் என்னும் அமினோ அமிலத்தைத் தயாரிக்க வழிசெய்வதே என்று கண்டன. சுவாசத்தையே எடுத்துக்கொண்டாலும், பெருகும் செல் அதனிடம் முதலில் கேட்பது கட்டுமானப் பொருளை.

ஈஸ்ட்டுக்கு அப்பால் மிகத் தொலைவிலும் போய்ப் பார்க்கலாம். 1983இல் தாமஸ் கேவலியர்-ஸ்மித் ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஆக்சிஜன் இல்லாத இடங்களில் வாழும் ஜியார்டியா, டிரைக்கோமோனாஸ், என்டமீபா போன்ற ஒரு செல் உயிர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா எக்காலத்திலும் இருந்ததில்லை. மைட்டோகாண்ட்ரியா வருமுன்பே கிளைபிரிந்த பழங்கால மரபின் எச்சங்கள் அவை என்றார். சுவாசம் இல்லை, நுண்ணோக்கியிலும் மைட்டோகாண்ட்ரியா தென்படவில்லை. ஆகவே பலருக்கும் ஏற்புடையதாகத் தோன்றியது. அதைக் குலைத்த முதன்மைத் தடயங்களில் ஒன்று எச்எஸ்பி60இன் உறவு மரபணுதான். 1995இல் என்டமீபாவில், 1996இல் டிரைக்கோமோனாஸில், 1998இல் ஜியார்டியாவில் அது வரிசையாக அகப்பட்டது. 2003இல் ஜியார்டியாவின் உள்ளே சுருங்கிய மைட்டோகாண்ட்ரியா கண்டுபிடிக்கப்பட்டது. ஏடிபி தயாரிக்கும் திறன் அதற்கு இல்லை. இரும்பு-கந்தகக் கொத்து கட்டும் புரதங்கள் இருந்தன. பரிணாமம் தேவையற்றதையெல்லாம் கழித்துக்கொண்டே வந்தபோது முதலில் போனது ஆற்றல். கடைசிவரை நின்றது கொத்து கட்டும் பணி.

எனக்கு எதிராகச் சொல்லக்கூடிய இரண்டு உயிர்களையும் மறைக்காமல் சொல்கிறேன். என்டமீபா வேறொரு பாக்டீரியாவிடமிருந்து கொத்து கட்டும் முறையைப் பெற்றுக்கொண்டது. அதன் சுருங்கிய மைட்டோகாண்ட்ரியா அந்தப் பணியைச் செய்வதில்லை. ஆனால் அது இப்போது செய்வது சல்ஃபேட்டை வினைக்குத் தயாராக்கும் பணி; அங்கும் ஆற்றல் உற்பத்தி இல்லை. 2016இல் சின்சில்லா என்ற கொறிவிலங்கின் குடலிலிருந்து எடுத்த மோனோசெர்கோமோனாய்டிஸ் என்ற ஒரு செல் உயிரில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அதை என் வாதத்துக்கு விழுந்த அடி என்று யாரும் எண்ணலாம். எப்படி அதனால் முடிந்தது என்று பாருங்கள்: பாக்டீரியாவிடமிருந்து வந்த வேறொரு கொத்து கட்டும் முறை, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியிலேயே அதனிடம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு விடைகொடுக்க முடிந்த அந்த உயிர், அதன் இன்றியமையாத வேலைக்கு மாற்று ஏற்பாடு வைத்திருக்கிறது. விதிவிலக்கு என் பக்கமே சாட்சி சொல்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இன்னும் பாக்கி. 2010இல் நிக் லேனும் வில்லியம் மார்ட்டினும் எழுதியது: மைட்டோகாண்ட்ரியா தந்த ஆற்றல் இல்லாவிட்டால் பெரிய மரபணுத் தொகுதியுள்ள சிக்கலான செல்கள் தோன்றியே இருக்காது. மைக்கேல் லிஞ்சும் ஜார்ஜி மரினோவும் கணக்கிட்டு இதை மறுத்திருக்கிறார்கள், விவாதம் முடியவில்லை. லேன், மார்ட்டின் சொல்வதே சரி என்று வைத்துக்கொண்டாலும் என் வாதம் அசையாது. ஒன்றை முதலில் ஏற்றுக்கொண்டதற்கான காரணம் வேறு, இன்றுவரை விடமுடியாமல் இருப்பதற்கான காரணம் வேறு. முதலாவதைப் பற்றிய கோட்பாட்டை வைத்து இரண்டாவதற்குத் தீர்ப்பு எழுத முடியாது. அதேபோல், நம் இதயத் தசையும் மூளையும் மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி இல்லாமல் சில நிமிடம்கூடத் தாங்காது என்பதை நான் மறுக்கவில்லை. அது அந்த உறுப்புகளின் வேலைப்பளுவைப் பற்றிய உண்மை. எல்லாச் செல்லுக்கும் பொதுவான விதியாக அதை விரிக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

“பள்ளிப் பிள்ளைகளுக்கு எளிமையாகச் சொன்னதை இப்படியா தோண்டுவது?” என்று கேட்பவர்கள் உண்டு. எளிமை தவறல்ல; தவறான திசையில் பார்க்கவைக்கும் எளிமை தவறு. ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்ற நோயில் வளரும் பருவத்தில் நடை தள்ளாடும், இதயம் பாதிக்கப்படும். அதன் மரபணு 1996இல் தெரியவந்தது. மறு ஆண்டே ஈஸ்ட்டில் அதற்கு இணையான மரபணுவை நீக்கிப் பார்த்தபோது, மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு குவிந்தது. அந்தப் புரதத்தின் வேலை கொத்து கட்டும் பாதையில் என்று பிறகு தெளிவானது. ஆற்றல் குறைவு அங்கே விளைவு. வேர் கொத்தில் இருக்கிறது. தள்ளாட்டத்தோடு இரத்தசோகையும் வரும் இன்னொரு பரம்பரை நோயில், பழுதாவது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் உள்ள ஒரு கடத்திப் புரதம். அதன் ஈஸ்ட் உறவான ஏடிஎம்1, வெளியே உள்ள புரதங்களுக்குக் கொத்து கிடைக்கத் துணைநிற்பது. மைட்டோகாண்ட்ரியாவை வெறும் ஆற்றல் நிலையமாகப் படித்த மாணவருக்கு, அதன் பழுதால் இரத்தசோகை வரும் என்று எப்படித் தோன்றும்?

எச்எஸ்பி60இன் மனித வடிவமே பழுதானால் நேர்வதும் இதையே சொல்கிறது. 2002இல் கால்கள் விறைத்துப்போகும் ஒரு பரம்பரை நோயிலும், 2008இல் குழந்தைகளின் மூளையில் நரம்பிழைகளின் உறை சரியாக உருவாகாத கொடிய நோயிலும் இந்த மரபணுவின் பிறழ்வு காணப்பட்டது. மைட்டோகாண்ட்ரியாவுக்குத் ‘தெம்பு’ ஊட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகளுக்கு இந்த நோய்களிடம் வேலையில்லை. ஆனால் அந்த மாத்திரைகளை விற்க ஆற்றல் நிலையம் என்ற ஒற்றை வரி போதும். அரை உண்மைக்கு எப்போதும் ஒரு வியாபாரி கிடைப்பார்.

அளவையும் அவசியத்தையும் ஒன்றாக எண்ணியதே இந்தக் குழப்பத்தின் மூலம். மைட்டோகாண்ட்ரியா அதிகமாகச் செய்வது ஏடிபி. எனவே அதுவே அதன் முதன்மைப் பணி என்று நினைத்துவிட்டோம். ஓர் உறுப்பு எதற்கு இன்றியமையாதது என்பதை அது எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று எண்ணிப் பார்த்து அறிய முடியாது. ஒவ்வொரு பணியாக நீக்கி, எது போனால் உயிர் போகிறது என்று பார்க்க வேண்டும். மரபணு ஆய்வு அதைத்தான் செய்கிறது. ஈஸ்ட் அதற்கு மிகப் பொறுமையான உயிர். சுவாசத்தை நீக்கினார்கள், பிழைத்தது. எச்எஸ்பி60ஐ நீக்கினார்கள், செத்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த முடிவு ஆய்விதழ்களில் இருக்கிறது. பாடநூலுக்கு மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.

பாடநூல் எழுதுவோரிடம் என் கோரிக்கை பெரிதல்ல. ஆற்றல் உற்பத்தியை நீக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தருகிறது. அதோடு, எந்தச் செல்லும் எளிதில் விட்டுவிட முடியாத இரும்பு-கந்தகக் கொத்துகளையும் வேறு பல மூலப்பொருள்களையும் அதுவே தயாரிக்கிறது. அந்த வேலைக்கு வரும் புரதங்களை மடிக்க எச்எஸ்பி60 துணைநிற்கிறது. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியை மாற்றி, ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படிக் கேளுங்கள்: சுவாசிக்க முடியாத ஈஸ்ட், தன் மைட்டோகாண்ட்ரியாவை ஏன் விடுவதில்லை? மனப்பாடம் செய்த மாணவரால் இதற்கு விடை எழுத முடியாது. உயிரியலைப் புரிந்துகொண்டவரால் முடியும். தேர்வு பிரித்தறிய வேண்டியது இந்த இருவரைத்தானே?